துடைக்காமல் விட்ட ஜன்னல்கள்

"உங்க தண்ணி எங்க ஜன்னலத் துன்னுட்டுதும்மா" என்றார் போனில், என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி மேடை முழுக்க வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை நீட்டி அடுப்பை அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

"தண்ணி எப்படிண்ணா ஜன்னலத் துன்னும்?" என்றேன்.

"அதான் எனுக்கும் தெரில. வந்து பாருங்க. பாதிக் கண்ணாடி வெள்ளப் பூத்துப் போய்க் கெடக்குது."

தண்ணீர்தான் என் தொழில். திருப்பதியில் ஒரு கேன் தண்ணீர்க் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே தினமும் கண்ணெதிரே நடந்த ஒரு விஷயம்தான் என் பிழைப்பை மாற்றியது. போர்வெல் தண்ணீர் சிந்திக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். சுத்தம் செய்து எடுத்த தண்ணீர் சிந்திக் காய்ந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதைப் பார்த்துத்தான் வேலையை விட்டுவிட்டு, பழைய மினி வேன் ஒன்றை வாங்கி, அதில் ஃபில்டரையும் டேங்கையும் மோட்டாரையும் ஏற்றினேன். நீளக் கம்பியின் நுனியில் பிரஷ், பிரஷ்ஷின் நடுவிலிருந்து தண்ணீர். தரையில் நின்றபடியே மூன்றாவது மாடி ஜன்னல்வரை கழுவிவிடலாம். சோப்பு கிடையாது, ஏணி கிடையாது. லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஊரில் கண்ணாடி வைத்துக் கட்டியவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். "நா மலயச் சுத்தறேன், நீ ஜன்னலச் சுத்தற" என்று கேலி பேசுவார்.

இந்த வேலையில் நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய விஷயம் ஒன்று உண்டு. துடைக்கத் தேவையில்லை. கழுவிவிட்டுப் போய்விடலாம், தானாகக் காயும், ஒரு பொட்டுக் கறை இருக்காது. புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஈரம் சொட்டுகிற கண்ணாடியைக் கண்டால் நம் ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. லாட்ஜ் பையன்கள் பனியன் துணியோடு ஓடிவருவார்கள், வீட்டம்மாக்கள் நியூஸ் பேப்பரைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். நான் கத்துவேன். துணியில் இருக்கிற அழுக்கும் சோப்பும் கண்ணாடியில் ஏறிவிட்டால் பெயர் கெடுவது எனக்குத்தானே. மூக்கு நுனியில் கோபம் வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். "தொடாதீங்க!" என்று நான் போடுகிற சத்தத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே போட்டிருக்கிறார். அதை ஒரு பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

சித்தூரில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு போயிருக்கவே கூடாது. சம்பந்தம் பேசி முடிந்த கையோடு, எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் பையன் வீட்டுக்குப் போய் அடுப்படிமுதல் கிணற்றடிவரை பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நிச்சயத்துக்குத் தேதி குறிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புத்தூரிலிருந்து என் அண்ணன்மார்கள் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார்கள், நாத்தனார் என்று பத்துப் பதினைந்து பேர் வருவதாக இருந்தது. அதற்காகப் பையனின் அப்பா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு. பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் வியாபாரம் பார்த்தவர் அவர், எதிலும் பழைய கணக்கு. டிரம்மில் கல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, நீலம் கலந்து, ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேடு உள்பட ஓர் இடம் விடாமல் அடிக்க வைத்திருந்தார். பெண் வீட்டார் வருகிற நாளில் வீட்டில் சுண்ணாம்பு வாசனை இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

புதன்கிழமை ஒரு வேலையாகச் சித்தூர் போனவள் அப்படியே எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மா ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, கண்ணாடியில் தெறித்திருந்த சுண்ணாம்புத் துளிகளைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். என்னைப் பார்த்ததும் பிளேடைப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ திருட்டு வேலை செய்தவர் மாதிரி.

"எறங்குங்க சம்பந்தி, உழுந்து கையக் கால ஒடச்சிக்கினா எங்க பொண்ணுதான் சமைக்கணும். நாளிக்கி மிஷினோட வந்து நானே எல்லாத்தயும் பளபளன்னு ஆக்கிட்றேன்" என்றேன்.

"அய்யோ, நீங்க பொண்ணு ஊட்டுக்காரங்க, நீங்க வந்து எங்க ஊட்டக் கழுவறதா?" என்று பதறினார். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், பாசத்தில் மட்டும் போகவில்லை. என் வேலையை அந்த வீட்டார் பார்க்கவேண்டும் என்று ஆசை. தண்ணீர்க் கேன் தூக்கிய பொம்பளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் கழுவினேன். ஒன்பது ஜன்னல்கள். பழுப்பு நிற அலுமினியச் சட்டம், அடியில் குப்பம் ஊரிலிருந்து வந்த கிரானைட். நல்ல ஜன்னல்கள், ஆசைப்பட்டுப் போட்டவை. என் வேலை எப்போதும் மேலிருந்து கீழே. சன்ஷேடின் மேல் காக்கா எச்சமும் தூசியும் கிடந்தன, அதையும் சேர்த்துப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். பால் மாதிரித் தண்ணீர் வழிந்தது. தூசிதானே என்று கண்ணாடிமேல் இன்னும் கொஞ்சம் தண்ணீரை விட்டேன். சம்பந்தியம்மா பழைய வேட்டித் துணியோடு ஓடிவந்தார்.

"தொடாதீங்க!"

வழக்கமான சத்தம்தான். அவர் அப்படியே நின்றுவிட்டார். துணியை மார்போடு பிடித்துக்கொண்டு, "இல்ல, வழியுதேன்னு..." என்றார்.

"வழியட்டும். தானா காயும். கைய மட்டும் வெச்சிடாதீங்க, சொல்லிட்டேன்."

கடைசியாகப் பின்பக்கம் அடுப்படி ஜன்னலைக் கழுவினேன். குழாயைச் சுருட்ட முன்பக்கம் போனேன். சாயங்காலம் ஒரு லாட்ஜில் வேலை இருந்தது. காப்பிகூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பினேன். கிளம்பும்போது ஜன்னல்கள் எல்லாம் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. அப்படிக் காயாமல் விட்டுவிட்டு வந்ததில் எனக்கு அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் காலைதான் அந்தப் போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் கண்ணால் பார்த்தேன். கண்ணாடிகளில் மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அதைவிட மோசம் சட்டங்கள். பழுப்பு நிறத்தின் மேல், யாரோ விரலால் இழுத்த மாதிரி வெளிறிய தடங்கள், தேய்த்தாலும் போகவில்லை. என் பெரியண்ணன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஜன்னலெல்லாம் அழுதுக்கினு கீது?"

பையனின் அப்பா காத்துக்கொண்டிருந்த மாதிரிச் சொன்னார். "உங்க தங்கச்சி ஏதோ மருந்துத் தண்ணி அடிச்சாங்க. அது துன்னுட்டுது."

மருந்துத் தண்ணியாம். என் தண்ணீரில் உப்புகூட இல்லை. எனக்குக் காலில் வெந்நீரைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. "அண்ணா, உங்க கண்ணாடியில கற பழசா இருந்துது. அழுக்கு மூடிக்கினு இருந்துது, என் தண்ணி அழுக்க எடுத்துது, கற தெரியுது. இதுல என் தப்பு இன்னா கீது?" என்றேன். பஜ்ஜித் தட்டோடு வந்த சம்பந்தியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். என் மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ பேசி, யாரும் அடுப்படிப் பக்கம்கூடப் போகாமலே, மூன்று வாரம் கழித்து நிச்சயம் என்று முடிவானது. ஆனால் கிளம்பும்போது பையனின் அப்பா வாசல்வரை வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கவேண்டும், நின்றால் நடக்கவேண்டும் என்று இருந்தது. நான் சொன்ன பதில் பொய் இல்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கும். வருடக்கணக்காகப் போர்வெல் தண்ணீர் பட்டுப் பட்டுக் கண்ணாடியே அரித்துப் போயிருக்கும், அழுக்கு போனதும்தான் அது வெளியே தெரியும், பழி என் தலையில் விழும். இங்கேயும் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும், தெறித்த சுண்ணாம்பைத் தவிர அந்தக் கண்ணாடிகள் புதனன்று நன்றாகத்தானே இருந்தன என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை இந்தத் தண்ணீரே அப்படித்தானா? இத்தனை வருடமாக ஊரில் இருக்கிற கண்ணாடியை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேனா? ஆஸ்பத்திரி, மண்டபம், எத்தனை லாட்ஜ்!

கேன் கம்பெனியில் ஒரு எஞ்சினியர் முன்பு சொன்னது வேறு ஞாபகம் வந்தது. சுத்தத் தண்ணீருக்குப் பசி அதிகம். தனக்குள் ஒன்றுமில்லாததால் தொட்டதிலிருந்து எதையாவது கரைத்து எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அதனால்தான் அதற்கு இரும்புக் குழாயும் செம்புக் குழாயும் போடமாட்டார்கள், பிளாஸ்டிக்தான் என்றார். அப்போது தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஊறுகாய் பாட்டில்கள் ஆறு எடுத்து மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் என் வண்டித் தண்ணீர். ஒன்றில் கண்ணாடித் துண்டு, ஒன்றில் அலுமினியச் சட்டத் துண்டு, ஒன்றில் கிரானைட், ஒன்றில் கண்ணாடி ஓரத்தில் வைக்கிற ரப்பர் பீடிங், ஒன்றில் இரும்பு ஆணி, ஒன்றில் பித்தளைக் கொக்கி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடி ஏறினேன். பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்ப்பேன், வைப்பேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். மலையில் டியூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர், "பஸ்ஸுக்குக்கூட இத்தன டிரிப்பு கெடயாது" என்றார். நான் மறுபடி மாடி ஏறினேன்.

ஆணி இரண்டாம் நாளே துருப்பிடித்தது. அது குழாய்த் தண்ணீரிலும்தான் பிடிக்கும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினியம், கிரானைட், ரப்பர் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, அப்படியே இருந்தன. பித்தளைக் கொக்கி மட்டும் மங்கிப்போனது. அவர்கள் வீட்டு ஜன்னலில் பித்தளையே இல்லையே என்று அந்தப் பாட்டிலை மட்டும் எடுத்துத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வைத்தேன்.

என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவள் அவள், பாட்டிலும் சோதனையும் அவளுக்குப் புதிதில்லை. "ஆறு வெச்ச, அஞ்சிதான் கீது?" என்றாள்.

"அது வாணாம், விடு."

"டெஸ்ட்டுன்னா நம்புளுக்குப் புடிச்ச பதில் வர்ற மாதிரி வெக்கிறது இல்லம்மா."

"உனுக்கு இன்னா தெரியும்? என் தொழிலு இது. மருந்துத் தண்ணின்னு நாலு பேரு முன்னாடி சொன்னாரே, அதுக்கு நா பதில் சொல்ல வாணாமா?"

அவள் துணி காயப்போட வந்தவள். கையில் இருந்த ஈரத் துணியை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "நீ ஜெயிச்சிட்டு வண்டி ஏறி வந்துடுவ. நா அந்த ஜன்னலண்டதான் தெனம் நிக்கணும்."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. அதற்கும் அவளிடமே கோபப்பட்டேன். "அப்ப செய்யாத தப்ப செஞ்சன்னு ஒத்துக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். எப்படிப்பட்ட வீட்டுக்கு இவளை அனுப்பப் போகிறோம், ஒரு ஜன்னலுக்காக இத்தனை பேர் முன்னால் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறவர் நாளைக்கு இவளை என்ன பேசுவார் என்று பயம். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றினேன். மகளும் வந்து ஏறிக்கொண்டாள். "நீ எதுக்கு?" என்றேன். "உன் வாயப் பாத்துக்க" என்றாள். சந்திரகிரி தாண்டினோம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. அவள்தான் பெட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பையனின் அப்பா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வினிகரும் துணியும். முன் ஜன்னலில் ஒரு கண்ணாடியைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். கோடுகள் பெரும்பாலும் போயிருந்தன. "கண்ணாடி வந்துட்டுதும்மா. சட்டந்தான் வர்ல. இன்னா போட்டாலும் வர்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. வீட்டுக்காக ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கெட்டுப்போன மனிதரின் குரல். அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது "சட்டந்தான் வர்ல" என்பது மட்டும்தான்.

பாட்டில்களை ஸ்டூலின் மேல் வரிசையாக வைத்தேன். "பாருங்கண்ணா. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சி. இது கண்ணாடி, இது உங்க மாதிரியே அலுமினியம். ஒரு சொட்டுக் கற கீதா பாருங்க" என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அப்ப இது எப்பிடி ஆச்சி?" என்று ஜன்னலைக் காட்டினார். பழைய கறை என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். மகள் இருமினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

அடுப்படியில் சம்பந்தியம்மா எங்களுக்காகக் காப்பி கலந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் அவர் கைமேல் விழுந்தது. தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டேன். அந்த ஜன்னலில் ஒரு கோடு இல்லை. சட்டத்தில் ஒரு தடம் இல்லை. கொல்லையில் இருந்த முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது.

"இத எப்ப மாத்தனீங்க?" என்றேன். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"மாத்தல" என்றார்.

"மாத்தாம எப்பிடி இப்பிடி கீது? எட்டும் அப்பிடிக் கீது, இது மட்டும் எப்பிடி?"

என் குரல் எப்போதும் போல உயர்ந்துவிட்டது. அவர் காப்பி வடிகட்டுவதை நிறுத்தினார். வடிகட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நா தொடச்சிட்டேன் சம்பந்தி. அன்னிக்கி நீங்க முன்னாடி போனீங்களே, அப்ப. தொடாதீங்கன்னு சொன்னீங்க. தெரியும். தெனம் நா நிக்கிற எடம், ஈரத்தப் பாத்ததும் கை போய்ட்டுது."

நான் பின் கதவைத் திறந்து வெளியே போனேன். கையை உயர்த்தி அடுப்படி சன்ஷேடின் ஓரத்தைத் தடவினேன். விரல் ஐந்தும் வெள்ளையாயின. இருபது நாள் காய்ந்த பிறகும் இப்படி என்றால், அன்றைக்கு அடித்து இரண்டு நாள்கூட ஆகாத பச்சைச் சுண்ணாம்பு எப்படி இருந்திருக்கும்? என் தண்ணீர் கண்ணாடியைத் தின்னவில்லை. மேலே இருந்த சுண்ணாம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறது. பால் மாதிரி வழிந்ததைப் பார்த்தும் தூசி என்று விட்டவள் நான். சுண்ணாம்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கண்ணாடியில் படியும், அலுமினியத்தை அரிக்கும். ஈரமாக இருக்கும்போதே ஒரு துணியால் துடைத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஒன்பது ஜன்னலையும் துடைக்கத்தான் அந்த அம்மா துணியோடு ஓடிவந்தார். நான்தான் கத்தினேன்.

ஆறு பாட்டில் வைத்தேனே, எதிலாவது ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட எனக்குத் தோன்றியதா? வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. நான் நின்றிருந்த இடத்திலேயே அடித்தது.

வெள்ளை விரல்களோடு வராந்தாவுக்குப் போனேன். நடை அத்தனை நீளமாக எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. பையனின் அப்பா இன்னும் அலுமினிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, தப்பு என்னுது" என்றேன். அந்த மூன்று வார்த்தை வெளியே வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சன்ஷேடைத் தேய்த்தது, சுண்ணாம்பு கரைந்து வழிந்தது, உச்சி வெயில், துடைக்கவிடாமல் கத்தியது. "தண்ணி கெட்டதில்ல. தெரியாம உட்டவ நானு. பழைய கறன்னு அன்னிக்கி எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்கே முழுசா தெரியாமச் சொன்னது. சட்டம் எட்டையும் நானே மாத்தித் தரேன்" என்றேன்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார். அவர் ஆசையாக அடித்த சுண்ணாம்பு. "பர்வாலேதும்மா, உடுங்க" என்றார். "சுண்ணாம்பு அடிச்சி ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாதுன்னு எனுக்குத் தெரியும். நீங்க கழுவும்போது நானும் இங்கதான் பாத்துக்கினு இருந்தேன். பொண்ணு ஊட்டுக்காரங்க ஆசயா செய்றாங்களேன்னு வாயத் தொறக்கல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சண்டைபோட்ட இந்த மனிதரும் அன்றைக்கு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. காப்பித் தட்டோடு சம்பந்தியம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

"அப்போ நா தொடச்சது தப்பு இல்லியா?"

"நீ எப்பத் தொடச்ச?" என்று அவர் கணவர் திரும்பினார். அவருக்கும் தெரியாது.

"அடுப்படிய. வாணான்னு சொல்லியும் தொடச்சிட்டேன். மறுநாளு எல்லாம் வெள்ளயாப் போய்ட்டுதே, நா நடுவுல கைய வெச்சதுனாலதான் மிஷின் தண்ணி கெட்டுப்போச்சோன்னு..." தட்டை ஸ்டூலின் மேல், என் பாட்டில்களுக்கு நடுவே வைத்தார். உள்ளே போனார். அரிசி டிரம் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நாலாக மடித்த வேட்டித் துணி இருந்தது. சுண்ணாம்பு காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"டிரம்முக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். நீங்க ஞாயித்துக்கெழம ஊடு பாக்க வந்தப்ப அடுப்படிக்குள்ளல்லாம் வருவீங்களே, பாத்துட்டு எதனா சொல்லிடுவீங்களோன்னு."

இத்தனை நாளாக என் மகளை எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று பயந்து மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் இந்த வீட்டில் ஒருத்தி என்னை நினைத்துப் பயந்துகொண்டு, ஒரு துணியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு வாய் அடைத்துப்போனதை என் மகள் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்திருப்பாள். அவள் எழுந்து போய் அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள். "இத நான் வெச்சிக்கறேன் அத்த" என்றாள். அதுவரை அந்த அம்மாவை அவள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.